லாப்போனியன் ஹெர்டரா, பின்னிஷ் லாப்ஹுண்டா?

துருவமான் மேய்க்கும் பின்லாந்து நாய்களில் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பலரும் தயங்கி நிற்கிறார்கள். படத்தைப் பார்த்தாலே பாதி வித்தியாசம் தெரிந்துவிடும். லாப்ஹுண்டுக்குச் சிங்கப் பிடரி, நடக்கும்போது முதுகின் மேல் சுருளும் புசுபுசு வால். ஹெர்டர் ஒட்டிய உடம்புக்காரன். ஓடும்போதும் அதன் வால் முதுகின் மேல் ஏறக் கூடாது. ஆண் நாயின் சராசரி உயரம் ஹெர்டரில் 51 செ.மீ., லாப்ஹுண்டில் 49. பெண்ணுக்கு 46, 44. இரண்டு செ.மீ.யை வைத்து யாரும் நாய் வாங்குவதில்லை. எங்கள் ஓட்டு ஹெர்டருக்கு, அதுவும் பெரும்பாலும் ரோமத்துக்காக.

வரலாறு இரண்டுக்கும் பொது. வட பின்லாந்துப் பகுதியான லாப்லாந்தில், அங்குள்ள பூர்வகுடிகளான சாமி (Sámi) மக்களோடு மந்தைக்குப் பின்னால் ஓடிய நாய்களில் நீளமுடியும் குட்டைமுடியும் கலந்தே இருந்தன. நாய்களைக் கொல்லும் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோயும், 1944-45இல் லாப்லாந்தை எரித்த போரும் அவற்றின் எண்ணிக்கையைக் குறைத்தன. எஞ்சியவற்றை இனமாகப் பதிவு செய்தபோதும் எல்லாம் ஒரே இனம் என்றே வைத்திருந்தார்கள். துருவமான் வளர்ப்போர் சங்கத்தின் பரிந்துரையால் 1966இல் இரண்டாகப் பிரித்தார்கள். மேய்ப்பவர்கள் வேலை செய்யும் குட்டைமுடி நாயைத் தனியே காக்க விரும்பினார்கள். அதே அறுபதுகளில் பனியில் ஓடும் ஸ்னோமொபைல் வண்டி வந்தது. நாய் செய்த வேலையில் பாதியை எந்திரம் எடுத்துக்கொண்டது. லாப்ஹுண்ட் வீட்டுக்கும் கண்காட்சிக்கும் நகர்ந்து, இன்று பின்லாந்தில் அதிகம் பதிவாகும் இனங்களில் ஒன்றாகிவிட்டது. ஹெர்டர் பெரும்பாலும் மந்தையோடே தங்கியது. அரிதாக இருப்பதும் அதனால்தான்.

இனி ரோமம். இரண்டுக்கும் இரட்டை அடுக்கு: முரட்டு மேல்ரோமம், அடர்ந்த அடிரோமம். லாப்ஹுண்டின் மேல்ரோமம் நீளம். காதுக்குப் பின்னும் முன்னங்காலின் பின்புறமும் தொடையிலும் குஞ்சம் கட்டித் தொங்கும். சிக்கல் கடுங்குளிரில் வருவதில்லை. மைனஸ் 15 டிகிரியில் பனி மணல் மாதிரி உதிர்ந்துவிடும். வெப்பநிலை பூஜ்யத்தை நெருங்கும்போது பனித்துகளின் மேல் மெல்லிய நீர்ப்படலம் உருவாகி முடியில் ஒட்டுகிறது. பிறகு உறைந்து, அடுத்த அடுக்கைப் பிடித்துக்கொண்டு உருண்டையாகப் பெருக்கிறது. விரலிடுக்கிலும் வயிற்றிலும் குஞ்சங்களிலும் உருண்டைகள் தொங்க, நாய் வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்து பல்லால் பிடுங்கும். பிடுங்கினால் முடியும் தோலும் சேர்ந்து வரும். விரலிடுக்குப் புண்ணானால் பல நாள் ஓட முடியாது. உருண்டையைக் கையால் இழுக்காமல் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, உடனே துவட்டிவிடுங்கள். பாதத் திண்டுகளுக்கு இடையிலுள்ள முடியைத் திண்டு மட்டத்துக்குக் கத்தரித்தால் பாதித் தொல்லை குறையும். உடம்பை மட்டும் மழிக்கவே கூடாது. குளிரையும் வெயிலையும் தடுப்பது அந்த இரட்டை அடுக்குதான்.

ஹெர்டரின் மேல்ரோமம் குட்டை, நேரானது, சற்று நிமிர்ந்து நிற்பது. பனி அதில் ஒட்டினாலும் நாய் ஒருமுறை உதறினால் பெரும்பகுதி போய்விடும். மழையில் நனைந்தாலும் சீக்கிரம் காயும். லாப்ஹுண்டின் அடிரோமம் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்வதால், காயவிடாமல் படுக்கவிட்டால் தோல் அழுகிப் புண்ணாகலாம். சாதாரண நாட்களில் லாப்ஹுண்டுக்கு வாரம் ஒரு சீவல் போதும், ஆனால் சீப்பு தோல்வரை இறங்க வேண்டும். மேலாகச் சீவினால் காதுக்குப் பின்னால் உள்ளே கம்பளியாகத் திரண்டிருப்பது தெரியாது. முடி கொட்டும் பருவத்தில் இரண்டுக்கும் தினமும் சீவ வேண்டும். ஹெர்டர் முடி கொட்டாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

வேலை செய்யும் பாணி கிட்டத்தட்ட ஒன்று. பார்டர் கோலி என்ற ஆட்டுமேய்ப்பு நாயைப் போலப் பதுங்கிக் கண்ணால் மிரட்டாமல், குரைத்துக் கிளப்பும் நாய்கள் இவை. கொம்பு திரும்பினால் சட்டென விலகி, மறுநொடி மறுபடி வந்து நிற்கும். ஹெர்டரின் உடல் நீளம் உயரத்தைவிடச் சுமார் பத்தில் ஒரு பங்கு கூடுதல். நாள் முழுக்கச் சலிக்காமல் துள்ளுநடை போட அது உதவுகிறது. இந்த ஓட்டம் கிடைக்காத வீட்டில் அது பதிலுக்குக் குரைக்கும், வேலி தாண்டி அலையப் போகும். அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு லாப்ஹுண்டே மேல், அதுவும் குரைக்கும் என்ற எச்சரிக்கையோடு. மந்தையே இல்லாமல் வீட்டில் வளரும் ஹெர்டரைப் பற்றி இங்கே உறுதியாகச் சொல்வதற்கில்லை. குட்டியின் தாய்தந்தை வேலை நாய்களா என்பதைப் பொறுத்து நிறைய மாறும்.

எதை எடுத்தாலும் பெற்றோரின் இடுப்பு எக்ஸ்ரேயையும், பார்வையை மெல்ல அழிக்கும் பிஆர்ஏ நோய்க்கான மரபணுச் சோதனையையும் கேளுங்கள். நோய்க்கூறைச் சுமக்கும் இரண்டு நாய்களை இணைத்தால், ஒவ்வொரு குட்டிக்கும் அந்த நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. லாப்ஹுண்டில் பாம்ப்பே (Pompe) என்ற மரபணு நோய்க்கான சோதனையும் அவசியம். அது வந்த குட்டி தசை தளர்ந்து, தின்றதைக் கக்கி, பெரும்பாலும் ஒன்றரை வயதுக்குள் இறந்துவிடும்.