சைக்கிள் ட்யூப் வாங்கும்போது வால்வைப் பாருங்கள், எனக்கு 5,400 ரூபாய் போய்விட்டது

இன்று மதியம் மூன்றாவது முறையாக அந்தக் கடைக்குப் போய் வெறுங்கையோடு திரும்பியிருக்கிறேன். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும். ஆறிவிட்டால், "போனது போகட்டும், விடு" என்று வீட்டில் சொல்வதற்கு நானும் தலையாட்டிவிடுவேன். 5,400 ரூபாய் எனக்கு அப்படி விட்டுவிடுகிற பணம் இல்லை. எந்த வால்வு எந்தச் சைக்கிளுக்கு என்பதையும் கடைசியில் விவரமாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

கானாடுகாத்தானில் எங்கள் வீட்டு வாசலில் ஆறு சைக்கிள் நிற்கும். பெரிய வீடுகளைப் பார்க்க வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விடுகிறேன், சைக்கிளுக்கு 150 ரூபாய். முகப்பு ஒரு வீதியிலும் பின்வாசல் அடுத்த வீதியிலும் இருக்கிற வீடுகளை நடந்து சுற்றினால் அரை நாளில் கால் ஓய்ந்துவிடும், காரில் போனால் ஒன்றும் கண்ணில் நிற்காது. அதனால் சைக்கிளுக்கு ஆள் வருகிறார்கள். மார்கழி, தை இரண்டு மாதமும்தான் எனக்கு வருமானம். எங்கள் பக்கம் ரோட்டோரம் முழுக்கச் சீமைக்கருவேலம். அந்த முள் டயரை எவ்வளவு சுலபமாகத் துளைக்கும் என்று இங்கே சைக்கிள் ஓட்டுகிற பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். பழைய ட்யூப் எல்லாம் ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு ஒட்ட இடமில்லாமல் ஆகிவிட்டது. சீசனுக்கு முன்னால் மொத்தமாக மாற்றிவிடலாம் என்று சீட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

போனது கியர் சைக்கிள் விற்கிற ஒரு பெரிய கடைக்கு. பெயர் போடவில்லை. கண்ணாடிக் கதவு, ஏசி, சுவரில் வரிசையாகத் தொங்குகிற சைக்கிள்கள். பழைய ட்யூப் ஒன்றை மஞ்சப்பையில் போட்டுக் கையோடு கொண்டுபோயிருந்தேன். பைக்கில் இருக்குமே, அதே தடிமனான வால்வு உள்ள ட்யூப். "அண்ணே, இதே மாதிரி பதினெட்டு வேணும்" என்றேன். ஆறு சைக்கிளுக்குப் பன்னிரண்டு, மாற்றுக்கு ஆறு.

அவர் அந்த ட்யூப்பை வாங்கிப் பார்த்தார். நன்றாகப் பார்த்தார், அதை நான் மறக்க மாட்டேன். அப்புறம் அதை மேஜையில் ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு உள்ளே போய் ஒரு அட்டைப்பெட்டியைத் தூக்கி வந்தார். அதிலிருந்த ட்யூப்பின் வால்வு பென்சில்போல ஒல்லியாக, நீளமாக, நுனியில் ஒரு குட்டித் திருகோடு இருந்தது.

"இதுக்குப் பேரு ப்ரெஸ்டா, தங்கச்சி. ஃபாரின்ல எல்லாம் இதுதான். உங்ககிட்ட வர்ற வெள்ளைக்காரங்களே இதைப் பார்த்தா சந்தோஷப்படுவாங்க."

"எங்க சைக்கிளுக்குச் சேருமாண்ணே?"

அதற்கு அவர் செய்ததுதான் என்னை விழ வைத்தது. சுவரில் தொங்கிய ஒரு சைக்கிளின் சக்கரத்தைக் கழற்றி, டயரை ஒரு பக்கம் விலக்கி, அந்த ஒல்லி வால்வை ரிம் ஓட்டைக்குள் விட்டுக் காட்டினார். அசையாமல் கச்சிதமாக உட்கார்ந்தது. "பார்த்துக்கங்க, எவ்வளவு டைட்டா இருக்கு" என்றார். நான் பார்த்தேன், நம்பினேன். அது அவர் கடைச் சைக்கிளின் ரிம், என் ரிம் இல்லையே என்று அந்த நேரத்தில் தோன்றவில்லை. பையன் டீ கொண்டு வந்து கொடுத்தான். "பொம்பளைப் பிள்ளை தனியா ஒரு தொழில் பண்றீங்க, உங்களைப் போய் ஏமாத்துவேனா?" என்று வேறு சொன்னார். என் அண்ணன் சொன்னதுபோல் இருந்தது எனக்கு.

பில் போட்டால் ஒன்று 340, போடாவிட்டால் 300 என்றார். பதினெட்டுக்கு 720 ரூபாய் மிச்சம் என்று கணக்குப் போட்டுச் சரி என்றேன். ஐந்நூறு ரூபாய்த் தாள் பத்து, நூறு ரூபாய்த் தாள் நாலு, எண்ணி அவர் கையில் கொடுத்தேன். 5,400. ஒரு துண்டுச் சீட்டுகூட வாங்கவில்லை. ஒல்லி வால்வின் மேல் திருகினால் பைக் குழாயிலும் காற்றடிக்கலாம் என்று நாலு பித்தளை மூடியைப் பையில் போட்டார். பதினெட்டு ட்யூப்புக்கு நாலு மூடி.

அன்று சாயங்காலமே பக்கத்து வீட்டுப் பையனை வைத்துப் பன்னிரண்டு ட்யூப்பையும் மாட்டினோம். வால்வு ரிம் ஓட்டைக்குள் லொடலொட என்று ஆடியது. அதோடு வந்த நட்டைத் திருகியதும் ஆட்டம் கொஞ்சம் குறைந்தது. புது மாடல், இப்படித்தான் இருக்கும்போல என்று விட்டுவிட்டேன்.

நாலாவது நாள் கோயம்புத்தூரிலிருந்து வந்த புருஷன் பெண்டாட்டி இருவர் டைல்ஸ் செய்வதைப் பார்க்க ஆத்தங்குடிக்குக் கிளம்பினார்கள். வழியில் அந்தம்மாவின் பின்சக்கரம் இறங்கிவிட்டது. பித்தளை மூடியைக் கொடுத்து அனுப்ப எனக்குத் தோன்றவில்லை. பெட்ரோல் பங்க்கில் குழாய் அந்த ஒல்லி வால்வைப் பிடிக்கவே இல்லை. உச்சி வெயிலில் நின்றுகொண்டு எனக்குப் போன் செய்தார்கள். லோடு ஆட்டோ பிடித்துப் போய்ச் சைக்கிளை ஏற்றி வந்தேன், வாடகையையும் திருப்பிக் கொடுத்தேன். அவர்கள் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. எனக்குத்தான் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அதற்கடுத்த பத்து நாளில் இன்னும் நாலு ட்யூப் போயிற்று. ஒன்றில்கூட முள் இல்லை.

ஐந்து ட்யூப்பையும் எங்கள் ஊரில் பஞ்சர் ஒட்டுகிற அய்யாவிடம் கொண்டுபோனேன். அவர் இரும்புச் சட்டித் தண்ணீரில் முதல் ட்யூப்பை அழுத்தினார். வால்வு முளைக்கிற இடத்தில், அடியைச் சுற்றி, சரம்சரமாகக் குமிழி வந்தது. ஐந்திலும் அதே இடம். அப்புறம் என் சைக்கிள் ரிம்மை எடுத்து, ஒல்லி வால்வை ஓட்டைக்குள் விட்டு விரலால் ஆட்டிக் காட்டினார். சுற்றிலும் வெளிச்சம் தெரிந்தது.

"ஏத்தா, இது யாரு குடுத்தது? ட்யூப்பு நல்ல ட்யூப்புதான். உன் ரிம்முக்கு இது இல்ல. காத்து ஏறுனா ரப்பரு இந்தச் சந்துல பிதுங்கும், ஓட்டை விளிம்பு அறுத்துரும். இந்த எடத்துல ஒட்டுப் போட்டாலும் நிக்காது."

ப்ரெஸ்டாவின் தண்டு 6 மில்லிமீட்டர். என் ரிம்மில் இருப்பது ஷ்ரேடர் என்கிற பைக், கார் வால்வுக்கான ஓட்டை, அந்தத் தண்டு 8 மில்லிமீட்டர். இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசத்தில் போனது என் 5,400 ரூபாய். ப்ரெஸ்டாவில் குறை ஒன்றும் இல்லை. ரேஸ் சைக்கிளின் ஒடுங்கின ரிம்மில் பெரிய ஓட்டை போட்டால் ரிம் பலம் குறையும் என்பதால் அங்கே அது ஏற்றது, அதிகக் காற்றழுத்தத்தையும் நன்றாகத் தாங்கும். வாடகைச் சைக்கிளுக்கு, செம்மண் ரோட்டுக்கு, பெட்ரோல் பங்க் காற்றை நம்பி இருக்கிற எனக்கு அது எதற்கு?

கடைக்குப் போன் செய்தேன். முதல் நாள் "ஓனர் வெளியூர் போயிருக்காரு." இரண்டாவது நாள் "கம்பெனிக்குச் சொல்லியிருக்கோம்." மூன்றாவது நாள் யாரும் எடுக்கவில்லை. கிழிந்த ட்யூப்களைப் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை.

நேரில் போனேன். அதே மனுஷர், அதே மேஜை. முதலில் என்னை அடையாளமே தெரியாததுபோல் பார்த்தார். அப்புறம், "ரப்பர் ஐட்டத்துக்குக் கேரண்டி கிடையாதும்மா" என்றார். தங்கச்சி போய் அம்மா ஆகிவிட்டது. இரண்டாவது முறை போனபோது, நட்டை நாங்கள் அதிகமாக இறுக்கியதால்தான் கிழிந்தது என்றார். பிரிக்காத ஆறு ட்யூப்பையாவது எடுத்துக்கொண்டு 1,800 ரூபாய் கொடுங்கள் என்று கேட்டேன். "பில் இருக்கா?" என்றார். பில் வேண்டாம், 40 ரூபாய் குறைச்சுக்கலாம் என்று சொன்ன அதே வாய்.

இன்றைக்கு நடந்ததுதான் தாங்கவில்லை. பெரிய ஓட்டையில் ஒல்லி வால்வு ஆடாமல் இருக்க ஒரு ரப்பர் வளையம் உண்டாம். ஒன்று 40 ரூபாய், பன்னிரண்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள் என்று என்னிடமே விற்கப் பார்த்தார். அப்படியென்றால் அந்த ஓட்டைக்கு இது சேராது என்று முதல் நாளே தெரியும்தானே? என் பழைய ட்யூப்பைக் கையில் வாங்கிப் பார்த்தாரே! வெளியே வந்தபோது டீ கொடுத்த பையன் பின்னாலேயே வந்து, "அக்கா, அந்தப் பெட்டி ரெண்டு வருஷமா மேல கிடந்துச்சு" என்று மெதுவாகச் சொன்னான். பாவம், அவன் வேலைக்குக் கேடு வந்துவிடக் கூடாது. விற்காமல் கிடந்த சரக்கை என் தலையில் கட்டிவிட்டார்கள். 5,400 ரூபாய் என்றால் ஒரு சைக்கிளின் முப்பத்தாறு நாள் வாடகை.

நுகர்வோர் உதவி எண் 1915-க்குச் சொல்லப் போகிறேன். பில் இல்லாமல் எவ்வளவு தூரம் நடக்கும் என்று பார்க்க வேண்டும்.

விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன், கை ஓடவில்லை. இதை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். ட்யூப் பெட்டியின் மேல் அளவுக்குப் பக்கத்தில் இரண்டு எழுத்து இருக்கும். எஃப்.வி. என்றால் ஒல்லி ப்ரெஸ்டா, ஏ.வி. என்றால் பைக் வால்வு, டி.வி. என்றால் நம் ஊர்ச் சைக்கிளில் வால்ட்யூப் போடுகிற டன்லப் வால்வு. என் பெட்டியில் எஃப்.வி. என்று கொட்டை எழுத்தில் இருந்தது, எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை. பெரிய ஓட்டை ரிம்மில் டன்லப் வால்வும் உட்காரும். அந்த ட்யூப் எங்கள் ஊர்க் கடையிலேயே இதில் பாதி விலைக்குக் கிடைக்கிறது. பழைய ட்யூப் போதாது, சக்கரத்தையே கழற்றிக் கொண்டுபோய் உங்கள் ரிம்மில் விட்டு ஆட்டிப் பாருங்கள். சின்ன ஓட்டையைப் பெரிதாக்கித் தருகிறேன் என்று யாராவது டிரில் எடுத்தால் விடாதீர்கள், ஒடுங்கின ரிம் கெட்டுவிடும். பில் வாங்குங்கள்.

பிரிக்காத ஆறு ட்யூப்பும் பெட்டியோடு வீட்டில் இருக்கின்றன, 26 அங்குலம். ரிம்மில் சின்ன ஓட்டை உள்ள சைக்கிள் யாரிடமாவது இருந்தால் பாதி விலைக்கே தருகிறேன். ஆனால் சக்கரத்தைக் கொண்டு வாருங்கள், என் கண் முன்னால் பொருத்திப் பார்த்த பிறகுதான் பணம் வாங்குவேன். நாளைக் காலை நாலு சைக்கிள் வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். இப்போதைக்கு ஓடுகிற நிலையில் இருப்பது இரண்டுதான், பஞ்சர் கடை அய்யா வெளிச்சம் போவதற்குள் மற்ற இரண்டுக்கும் டன்லப் ட்யூப் மாட்டிக்கொண்டிருக்கிறார்.