கிரிப்டோ டொமைனை விற்க எந்த வழி நேர்மையானது? நான்கு முறைகளை எடைபோட்டுப் பார்க்கிறேன்

அன்று இரவு 9 மணிக்கு, நான் விற்பனைக்கு விட்ட ஓர் இணையப் பெயரின் (டொமைன்) ஏலம் முடிந்தது. கடைசியாகக் கேட்கப்பட்ட தொகை 1,150 டாலர். 9.02 மணிக்கு, கேட்டவருக்கு ‘பெயர் உங்களுக்குத்தான்’ என்று எழுதி அனுப்பிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். 9.40க்கு இன்னொரு மின்னஞ்சல் வந்தது. பெர்லினிலிருந்து ஒருவர் 1,400 டாலருக்குக் கேட்டிருந்தார். ‘என் கடிகாரத்தில் இப்போது மாலை 6.10. ஏலம் முடிய இன்னும் மூன்று மணி நேரம் இருக்கிறதே?’ என்றும் எழுதியிருந்தார். பதறிப்போய் என் அறிவிப்பைத் திறந்து பார்த்தேன். ‘இரவு 9 மணி’ என்று மட்டும் இருந்தது. எந்த நாட்டு நேரம் என்று நான் எழுதவில்லை.

இருவர் பக்கமும் நியாயம் இருந்தது. ஆனால் முதலாமவருக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது. அவருக்கே 1,150க்குக் கொடுத்தேன். பெர்லின்காரருக்கு, தவறு முழுவதும் என்னுடையது என்று எழுதி மன்னிப்புக் கேட்டேன். 250 டாலர் போனது பெரிதாகத் தெரியவில்லை. பார்த்தறியாத ஒருவர் என்னை நம்பிக் காத்திருந்து ஏமாந்தார் என்பதுதான் பல நாள் உறுத்தியது. அதன் பிறகுதான் விற்பனை முறைகளை ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்கினேன். எந்த முறையில் அதிகப் பணம் வரும் என்று எல்லோரும் பேசுகிறார்கள். எந்த முறையில் கேட்பவருக்கு நியாயம் கிடைக்கும் என்று பேசுபவர்கள் குறைவு. எனக்கு இரண்டாவது கேள்விதான் முக்கியம்.

பிட்காயின் போன்ற மின்னணுக் காசுத் துறையில் புழங்கும் வாலட், காயின், டோக்கன், செயின் போன்ற சொற்கள் அமைந்த இணையப் பெயர்களையே இங்கே கிரிப்டோ டொமைன் என்கிறேன். பைனான்ஸ், காயின்பேஸ், மெட்டாமாஸ்க் போன்ற கிரிப்டோ நிறுவனங்கள், செயலிகளின் பெயர்களை ஒட்டிப் பதிவு செய்வதை இந்த அலசலிலேயே சேர்க்கவில்லை. அது வணிகமுத்திரை மீறல். உலக இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு 1999இல் கொண்டுவந்த தகராறுத் தீர்வு விதிகளின்படி, முத்திரை உரிமையாளருக்கே விற்கும் நோக்கத்தோடு பெயரைப் பதிவு செய்வது கெட்ட எண்ணத்துக்குச் சான்றாகும். பெயரும் போகும், மானமும் போகும்.

முதல் முறை, விலையை எழுதி மாட்டிவிடுவது. ஆஃப்டர்னிக், செடோ போன்ற சந்தைகளில் ஒரு விலையைப் போட்டுவிட்டால், பெயர்களைப் பதிவு செய்து தரும் பல நிறுவனங்களின் (பதிவாளர்கள்) தேடல் பக்கங்களில் அந்தப் பெயர் அதே விலையோடு தெரியும். பணம் கட்டியவருக்குப் பெயர். யார் வந்தாலும் ஒரே விலை என்பதால், நேர்மையைப் பொறுத்தவரை இதில் குறை சொல்ல அதிகம் இல்லை. தரகுதான் சந்தைக்குச் சந்தை மாறும். 10 சதவீதத்திலிருந்து 25 சதவீதம் வரை போகும்.

ஆனால் கிரிப்டோ பெயர்களுக்கு இந்த முறையில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. 2017 டிசம்பரில் பிட்காயின் 20,000 டாலரை நெருங்கியது. அடுத்த டிசம்பரில் 3,200 டாலர் அளவுக்கு விழுந்தது. பெயர்களின் கிராக்கியும் அதோடு சேர்ந்தே ஏறும், இறங்கும். போன வருடம் எழுதிய விலை இந்த வருடம் ஒன்று கேலிக்கு இடமாக இருக்கும், அல்லது கொள்ளை மலிவாக இருக்கும். இங்கேதான் விற்பவரின் குணம் தெரியும். ஒருவர் விசாரித்து எழுதியதும், அவசர அவசரமாக உள்ளே போய் விலையை இரட்டிப்பாக்குபவர்கள் இருக்கிறார்கள். அதை நான் ஏமாற்று என்றே சொல்வேன். எழுதிய விலைக்கு ஒருவர் வந்துவிட்டால், அந்த விலைக்குக் கொடுப்பதுதான் முறை. ஏற்ற வேண்டுமென்றால் யாரும் கேட்காத நாளில் ஏற்றிக்கொள்ளலாம். ஒரே பெயரை இரண்டு சந்தைகளில் போட்டுவிட்டு, இரண்டிலும் ஒரே நாளில் விற்றுப்போய் விழிப்பதும் நடக்கிறது. ஓரிடத்தில் போட்டால் போதும்.

இரண்டாவது, திறந்த ஏலம். நம் ஊரில் ஏரி மீனுக்கும் புளியமரத்துக்கும் ‘ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்’ என்று விடுகிறார்களே, அதே முறைதான். எல்லோரும் எல்லோருடைய தொகையையும் பார்க்கலாம். விலை எங்கே நிற்கும் என்று விற்பவருக்கே தெரியாத பெயர்களுக்கு இதைவிடப் பொருத்தமான வழி கிடையாது. கிரிப்டோ பெயர்களில் பெரும்பாலானவை அப்படிப்பட்டவைதான்.

திறந்த ஏலத்தைக் கெடுக்கும் நோய், ஆள் வைத்து ஏற்றிவிடுவது. விற்பவரோ அவருடைய நண்பரோ வேறொரு பெயரில் புகுந்து தொகையை உயர்த்துவார்கள். டொமைன் தொழிலில் இதற்கு மறக்க முடியாத உதாரணம் ஸ்னாப்நேம்ஸ். அந்த ஏல நிறுவனத்தின் ஊழியர் ஒருவரே ‘ஹால்வாரெஸ்’ என்ற புனைபெயரில் 2005 முதல் ஏலங்களில் கலந்துகொண்டு வந்திருக்கிறார். 2009 நவம்பரில் நிறுவனமே இதை வெளியே சொன்னது. ஏறத்தாழ 5 சதவீத ஏலங்கள் பாதிக்கப்பட்டிருந்தன. அவர் புகுந்ததால் கூடுதலாகக் கட்ட நேர்ந்தவர்களுக்கு, வித்தியாசத் தொகையை 5.22 சதவீத வட்டியோடு திருப்பித் தர முன்வந்தார்கள். பணம் திரும்பியது சரி. நான்கு ஆண்டுகளாக ஒரு நிழலோடு போட்டி போட்டிருக்கிறோம் என்று தெரிந்தவர்களின் மனநிலையை எண்ணிப் பாருங்கள்.

இன்னொரு தொல்லை, கடைசி நொடியில் பாய்வது. முடிய மூன்று நொடி இருக்கும்போது ஒருவர் பத்து டாலர் கூட்டிப் போட்டுத் தட்டிக்கொண்டு போவார். இதற்கு மருந்து எளிது. கடைசி ஐந்து நிமிடத்துக்குள் யாராவது தொகையைக் கூட்டிக் கேட்டால் முடிவு நேரம் இன்னும் ஐந்து நிமிடம் தள்ளிப்போகும் என்று முன்னதாகவே அறிவித்துவிட வேண்டும். மூன்றாம் தரம் சொல்லுமுன் யாராவது கை தூக்கினால் ஏலக்காரர் மறுபடி முதல் தரத்திலிருந்து தொடங்குவதும் இதே காரணத்துக்காகத்தான். குறைந்தபட்ச விலையையும் மறைத்து வைக்காமல் வெளிப்படையாகப் போட்டுவிடுவதே என் வழக்கம். மறைத்து வைத்தால், கேட்டவர்கள் ஒரு வாரம் போட்டியிட்டு ஓய்ந்த பிறகு ‘இந்த விலைக்குக் கட்டாது’ என்று கதவைச் சாத்த நேரும்.

மூன்றாவது, மூடிய ஏலம். ஒப்பந்தப்புள்ளி போல ஒவ்வொருவரும் தம் தொகையை ரகசியமாகத் தருவார்கள். இதில் வில்லியம் விக்ரே 1961இல் ஆராய்ந்து விளக்கிய வகை தனி அழகு கொண்டது: அதிகம் கேட்டவருக்குப் பொருள், ஆனால் அவர் கட்ட வேண்டியது இரண்டாவது அதிகத் தொகையை மட்டும். தனக்கு அது எவ்வளவு பெறுமோ அதை அப்படியே எழுதுவதுதான் ஒவ்வொருவருக்கும் லாபம். அடுத்தவர் என்ன எழுதுவார் என்று ஊகிக்கத் தேவையில்லை. விக்ரேவுக்கு 1996இல் பொருளாதார நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது.

எத்தேரியம் என்ற பிளாக்செயினில் (பல கணினிகளில் பகிர்ந்து வைக்கப்படும் பொதுப் பதிவேடு) இயங்கும் எத்தேரியம் பெயர்ச் சேவை 2017 மே மாதம் ‘.ஈத்’ பெயர்களை வழங்கத் தொடங்கியபோது இந்த முறையைத்தான் எடுத்துக்கொண்டது. அன்றைய விதிப்படி ஏழெழுத்தும் அதற்கு மேலும் உள்ள பெயர்கள் மட்டும். மூன்று நாள் ரகசியமாகக் கேட்கலாம், அடுத்த இரண்டு நாளில் கேட்ட தொகையை வெளிப்படுத்த வேண்டும். தோற்றவருக்கு 0.5 சதவீதம் கழித்துக்கொண்டு மீதி திரும்பும். வெளிப்படுத்த மறந்தவர் கட்டியதை இழப்பார். ‘டார்க்மார்க்கெட்.ஈத்’ என்ற பெயர் எத்தேரியத்தின் காசான ஈத்தரில் 20,103க்குப் போனது. போட்டிக்கு ஆள் இல்லாத பெயருக்கு 0.01 ஈத்தர் போதுமானதாக இருந்தது. அங்கே நடந்ததைப் படித்த நாளில் எனக்குப் பெரிய வியப்பு. சூத்திரத்தை எழுதிவிட்டால் நியாயம் தானாக வந்துவிடும் என்று நம்பினேன்.

பிறகு யோசித்தபோதுதான் ஒன்று உறைத்தது. அந்த ஏலத்தில் விற்பவர் என்று யாருமே இல்லை. வென்றவரின் பணம் யார் பைக்கும் போகவில்லை. வைப்புத்தொகையாகப் பூட்டப்பட்டு, பெயரைத் துறந்தால் திரும்பக் கிடைப்பதாக இருந்தது. அதனால் பொய்யாக ஏற்றிவிட்டு யாருக்கும் லாபமில்லை. நானோ நீங்களோ ஒரு பெயரை இந்த முறையில் விற்றால் கதை வேறு. 5,000 டாலர் எழுதியவரிடம், இரண்டாவது தொகை 4,900 என்று நான் சொன்னால் அவர் எப்படிச் சரிபார்ப்பார்? உண்மையில் அது 900ஆக இருந்திருக்கலாம். எல்லாத் தொகைகளையும் பூட்டி வைத்துப் பின்னர் எல்லோருக்கும் ஒன்றாகத் திறந்து காட்டும் நம்பகமான மூன்றாம் ஆள் இல்லாமல், தனியாள் ஒருவர் இரண்டாம் விலை ஏலம் நடத்தக் கூடாது என்பதே என் முடிவு. அப்படி ஓர் ஆள் இருந்தாலும், விற்பவரே வேறு கணக்கிலிருந்து தொகை எழுதினால் தடுக்க வழியில்லை.

பிளாக்செயினில் நடந்தால் எல்லாம் சுத்தம் என்பவர்களுக்கும் ஒரு செய்தி. 2019இல் மூன்று முதல் ஆறு எழுத்துள்ள ‘.ஈத்’ பெயர்களை ஓப்பன்சீ சந்தையில் ஏலம் விட்டார்கள். தொகை குறிப்பிடும் இடத்தில் இருந்த சரிபார்ப்புக் குறையைப் பயன்படுத்தி, ஒரு பெயருக்குக் கேட்பது போலக் கேட்டு வேறு பெயரை எடுத்துக்கொள்ள முடிந்தது. ஆப்பிள், வாலட், டிஃபை உட்பட 17 பெயர்கள் அப்படித் தவறான கைக்குப் போயின. பிறகு பேச்சுவார்த்தை நடத்தித்தான் திரும்பப் பெற்றார்கள். கணினியில் எழுதிய விதியையும் மனிதர்தான் எழுதுகிறார்.

நான்காவது, தரகர் மூலம் தனியாகப் பேசுவது. மாட்டுச் சந்தையில் துண்டைப் போர்த்தி விரல் பிடித்து விலை பேசுவார்களே, அதேதான். பெரிய விலைகள் பெரும்பாலும் துண்டுக்கு அடியில்தான் படிகின்றன. 2019இல் மைக்ரோஸ்ட்ரேடஜி நிறுவனம் வாய்ஸ்.காம் என்ற பெயரைப் பிளாக்.ஒன் என்ற பிளாக்செயின் நிறுவனத்துக்கு 3 கோடி டாலருக்கு விற்றது. மறையாக்கவியல் ஆய்வாளர் மேட் பிளேஸ் 1993இல் பதிவு செய்த கிரிப்டோ.காம், பல ஆண்டுகள் அவர் விற்க மறுத்த பிறகு, 2018இல் மொனாக்கோ என்ற கிரிப்டோ நிறுவனத்துக்குக் கைமாறியது. அந்த நிறுவனம் தன் பெயரையே கிரிப்டோ.காம் என்று மாற்றிக்கொண்டது. விலை வெளியிடப்படவில்லை.

வாங்குபவர் ஒரு நிறுவனம், புதிய பெயரை அறிவிக்கும் வரை ரகசியம் காக்க வேண்டியவர் என்றால் இந்த முறைதான் சரி. ஆனால் பொய்க்கு அதிக இடம் கொடுப்பதும் இதுதான். ‘இன்னொருவர் 8,000 சொல்லியிருக்கிறார்’ என்ற ஒரு வாக்கியம் போதும். இருந்தால் சொல்லலாம். இல்லாதவரை இருப்பதாகச் சொல்வது, ஹால்வாரெஸ் செய்த அதே வேலை. அமர்த்தும்போதே தரகரிடம் இதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்: இல்லாத போட்டியாளரைச் சொல்லக் கூடாது, இரு தரப்பிலும் தரகு வாங்கக் கூடாது.

எந்த முறையானாலும் பணம் கைமாறும் இடத்தில்தான் பாதி வழக்கு பிறக்கிறது. ‘.ஈத்’ பெயரில் பணமும் பெயரும் ஒரே பரிவர்த்தனையில் மாறிக்கொள்ளும். அந்த வசதியை மனமாரப் பாராட்டுகிறேன். டாட் காம் அப்படியல்ல. பெயர் வேறிடம் போகாதபடி போட்டிருக்கும் பூட்டைத் திறந்து, இடம் மாற்றுவதற்கான ரகசியக் குறியீட்டைக் கொடுத்து, வேறு பதிவாளருக்குப் போவதென்றால் ஐந்து நாள்கூட ஆகலாம். அந்த இடைவெளியில் யாரை யார் நம்புவது? எஸ்க்ரோ.காம் போன்ற இடையாள் சேவையில் வாங்குபவர் பணத்தைப் போட்டு, பெயர் வந்து சேர்ந்ததை உறுதி செய்த பிறகே விற்பவருக்குப் பணம் போகும். கேள்விப்படாத ஓர் எஸ்க்ரோ தளத்தையோ, குறிப்பிட்ட ஒரு தளத்தில் காசு கட்டி மதிப்பீட்டுச் சான்றிதழ் வாங்குவதையோ வற்புறுத்துபவர் வாங்க வந்தவர் அல்ல, பறிக்க வந்தவர்.

தொகையை டாலரில் பேசுவதா, காயினில் பேசுவதா என்பதையும் முன்கூட்டியே எழுதிவிடுங்கள். ஏலம் முடிந்த திங்கட்கிழமைக்கும் பணம் வரும் வெள்ளிக்கிழமைக்கும் நடுவில் ஈத்தர் பத்து சதவீதம் சரிந்தால் நஷ்டம் யாருக்கு என்று அப்போது பேச ஆரம்பித்தால் உறவு கெடும். நான் டாலரில் மட்டுமே பேசுகிறேன். இந்தியாவில் இருந்து விற்பவர் பணத்தைக் காயினாகப் பெற்றால் வரியையும் கணக்கில் வைக்க வேண்டும். காயின் போன்ற மெய்நிகர் டிஜிட்டல் சொத்தை விற்று வரும் லாபத்துக்கு 2022 ஏப்ரல் முதல் 30 சதவீத வரி. அதில் வரும் நஷ்டத்தை வேறு வருமானத்தில் கழித்துக்கொள்ளவும் முடியாது.

ஆகவே என் தேர்வு இதுதான். சில நூறு டாலர் பெறும் பெயர்களுக்கு எழுதிய விலை. நிறுவனங்கள் தேடி வரக்கூடிய மிகச் சிறிய, மிக அரிய பெயருக்குத் தரகர். இரண்டுக்கும் நடுவில் உள்ள, கிரிப்டோ பெயர்களின் பெருங்கூட்டத்துக்குத் திறந்த ஏலம், நேர நீட்டிப்போடும் வெளிப்படையான அடிவிலையோடும். மூடிய இரண்டாம் விலை ஏலத்தின் மேல் எனக்கு இன்னும் ஆசை உண்டு, ஆனால் அதை நான் நடத்த மாட்டேன். வென்றவர் பணம் கட்டாமல் நழுவினால், இரண்டாவதாகக் கேட்டவரிடம் அவர் கேட்ட தொகைக்கே கொடுப்பேன். வென்றவரின் தொகையை அவர் தலையில் கட்ட மாட்டேன்.

அடுத்த வாரம் ஒரு பெயரை ஏலத்துக்கு விடுகிறேன். அறிவிப்பின் முதல் வரியை நேற்றே எழுதிவிட்டேன்: ‘முடியும் நேரம் இந்திய நேரம் இரவு 9.00, உலகப் பொது நேரம் பிற்பகல் 3.30.’ பெர்லின்காரருக்கும் அதன் நகலை அனுப்பியிருக்கிறேன்.