24 மணி நேரத்தில் அமெரிக்க ஈஐஎன் என்றால், யார் பெயரில் என்று கேளுங்கள்

அமெரிக்க வாடிக்கையாளருக்கு ஆன்லைனில் விற்பவர்களுக்கும், விற்கலாம் என்று யோசிப்பவர்களுக்கும் இந்தப் பதிவு. எல்எல்சி என்பது அமெரிக்க மாநிலத்தில் பதிவு செய்யும் ஒரு வகைக் கம்பெனி, ஈஐஎன் அந்தக் கம்பெனிக்கான அமெரிக்க வரி எண். "எல்எல்சி, ஈஐஎன் ரெண்டும் ஒரே பேக்கேஜ், ஈஐஎன் 24 மணி நேரத்துல கையில" என்று யாராவது சொன்னால், பணம் கட்டும் முன் ஒன்றே ஒன்று கேளுங்கள்: ஈஐஎன் விண்ணப்பமான எஸ்எஸ்-4 படிவத்தில், பொறுப்பாளர் பெயர் வரும் 7ஏ வரியில் யார் பெயரைப் போடப் போகிறீர்கள்? பதில் மழுப்பலாக வந்தால் போனை வைத்துவிடுங்கள். என்னிடம் வாங்கிய பணம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய தலைவலி, என் கம்பெனியின் வரி எண் முன்பின் தெரியாத ஒருவர் பெயரில் மாதக்கணக்கில் கிடந்ததுதான்.

நாங்கள் கரூரில் கிச்சன் லினன் செய்கிறோம். ஏப்ரன், டீ டவல், டேபிள் ரன்னர். முன்பு ஏற்றுமதி ஹவுஸ்களுக்கு ஜாப் ஒர்க் மட்டும்தான். இப்போது சொந்த பிராண்டில் அமேசான் அமெரிக்கா தளத்தில் விற்கிறோம், தனியாக வெப்சைட்டும் இருக்கிறது. வெப்சைட்டில் கார்டு பேமெண்ட் வாங்க அங்கேயே ஒரு கம்பெனியும் அக்கவுண்டும் இருந்தால் வசதி என்றுதான் எல்எல்சி யோசனை வந்தது. இன்ஸ்டாகிராமில் ஓயாமல் விளம்பரம் வரும் ஒரு கன்சல்டன்சியைப் பிடித்தோம். பெயரைப் போடவில்லை, புகார் நிலுவையில் இருக்கிறது. பேக்கேஜ் 55,000 ரூபாய்: வயோமிங் மாநிலத்தில் எல்எல்சி, ரெஜிஸ்டர்டு ஏஜென்ட் (கம்பெனிக்கு வரும் அரசுக் கடிதங்களை அங்கே வாங்கிக்கொள்ளும் ஆள்), ஈஐஎன்.

பேசியவர் நம் ஊர்ப் பேச்சே பேசினார். "அண்ணா, ஈஐஎன் இல்லாம வித்தீங்கன்னா முப்பது பர்சன்ட் புடிச்சுட்டுத்தான் காசு குடுப்பாங்க. எங்ககிட்ட விட்ருங்க, நாளைக்கு இந்நேரம் நம்பர் உங்க வாட்ஸ்அப்ல இருக்கும்."

இந்த முப்பது சதவீதக் கதையை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் இதை வைத்துத்தான் பாதிப் பேரைப் பயமுறுத்துகிறார்கள். அமெரிக்காவில் 30 சதவீதப் பிடித்தம் என்பது வெளிநாட்டவர் அங்கிருந்து பெறும் வட்டி, டிவிடெண்ட், ராயல்டி மாதிரியான வருமானத்துக்கு. இங்கிருந்து துணி தைத்து அனுப்பி விற்கும் பணத்தில் அப்படிப் பிடிப்பதில்லை. இந்தியாவில் இருக்கும் தனிநபர் விற்பனையாளர், தான் அமெரிக்கர் இல்லை என்று அறிவிக்கும் டபிள்யூ-8பென் படிவத்தை நம் பான் எண்ணோடு கொடுத்தால் போதும். ஏற்றுமதிக்கான ஐஇசி எண், ஜிஎஸ்டி வைத்துக்கொண்டு, எல்எல்சியும் ஈஐஎன்னும் இல்லாமலே எத்தனையோ பேர் விற்கிறார்கள். சேல்ஸ் டாக்ஸ் வேறு விஷயம், அது மாநிலங்களுடையது. அமேசான் போன்ற தளத்தில் விற்கும்போது தளமே அதை வசூலித்துக் கட்டிவிடுகிறது.

சரி, எல்எல்சி வேண்டும் என்று முடிவு செய்துவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். அதற்கு ஈஐஎன் தேவை. ஒன்பது இலக்க எண், இரண்டு இலக்கம், ஒரு கோடு, பிறகு ஏழு இலக்கம். கொடுப்பது அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ். கட்டணம் கிடையாது. ஒரு டாலர்கூட. விண்ணப்பம் எஸ்எஸ்-4 என்ற படிவம், ஒரே பக்கம்.

அந்தப் பக்கத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. 7ஏ வரியில் 'ரெஸ்பான்சிபிள் பார்ட்டி' பெயர். அதாவது கம்பெனியையும் அதன் பணத்தையும் உண்மையில் கையில் வைத்திருக்கும் ஆள். 7பி வரியில் அவருடைய எஸ்எஸ்என் (அமெரிக்கச் சமூகப் பாதுகாப்பு எண்) அல்லது ஐடின் (எஸ்எஸ்என் கிடைக்காதவர்களுக்கான தனிநபர் வரி எண்). இரண்டும் இல்லாத நம்மைப் போன்ற வெளிநாட்டவர் அந்த இடத்தில் 'ஃபாரின்' என்று எழுதி அனுப்பலாம். ஆனால் ஐஆர்எஸ் இணையதளத்தில் ஆன்லைனில் விண்ணப்பிக்க அந்த எண் இருந்தே ஆக வேண்டும். எண் இருந்தால் ஈஐஎன் சில நிமிடங்களில் திரையில் வந்துவிடும். எண் இல்லாதவருக்கு ஃபேக்ஸ் அல்லது தபால். கம்பெனியே அமெரிக்காவுக்கு வெளியில் பதிவானது என்றால் 267-941-1099 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் வாங்கலாம். ஃபேக்ஸில் அனுப்பினால் 4 வேலை நாள் என்று ஐஆர்எஸ் சொல்கிறது, கூட்டம் அதிகமான நேரத்தில் வாரக்கணக்கில் இழுக்கும்.

அப்படியிருக்க, எஸ்எஸ்என் இல்லாத எனக்கு மறுநாளே எண் எப்படி வந்தது?

வந்தது உண்மைதான். சொன்ன மாதிரியே வாட்ஸ்அப்பில் ஒன்பது இலக்கம் வந்து விழுந்தது, கூடவே ஒரு பிடிஎஃப். கல்யாணப் பத்திரிகை மாதிரி தங்கக் கரை, மேலே கழுகுச் சின்னம், நடுவில் எங்கள் கம்பெனி பெயர் பெரிய எழுத்தில், அடியில் சிவப்பு முத்திரை. வீட்டில் எல்லோரும் பார்த்தோம், ஃபிரேம் போடலாமா என்றுகூடப் பேச்சு வந்தது. ஐஆர்எஸ் அப்படி எந்தச் சான்றிதழும் தருவதில்லை. அது தருவது சிபி 575 என்ற கடிதம். வெறும் வெள்ளைத் தாள், கறுப்பு எழுத்து, அலங்காரம் எதுவும் இல்லை. மேலே சின்சினாட்டி முகவரி, தேதி, ஈஐஎன், நோட்டீஸ் எண். கீழே நீங்கள் என்னென்ன வரிப் படிவம் தாக்கல் செய்ய வேண்டும் என்ற விவரம். இந்தக் கடிதம் ஒருமுறைதான் வரும். தொலைத்துவிட்டால் 147சி என்ற உறுதிக் கடிதம் கேட்டு வாங்க வேண்டும்.

பேமெண்ட் அக்கவுண்ட் திறக்கப் போன இடத்தில் தங்கக் கரையைத் திருப்பி அனுப்பிவிட்டு, சிபி 575 அல்லது 147சி கொண்டுவரச் சொன்னார்கள். கன்சல்டன்சியில் கேட்டேன். "அது சர்டிஃபைடு காப்பிங்ணா, தனி சார்ஜ், 250 டாலர்." ஐஆர்எஸ் இலவசமாகக் கொடுத்த கடிதத்துக்கு 250 டாலர். நான் ஒத்துக்கொள்ளவில்லை. சண்டை போட்டேன். சில நாள் போனே எடுக்கவில்லை. கூகுளில் ரிவ்யூ போடுவேன் என்றதும் கடிதம் வந்துவிட்டது.

திறந்து பார்த்தால் முதல் வரியில் எங்கள் எல்எல்சி பெயர். அதற்குக் கீழ் வரியில் யாரோ ஓர் ஆளின் பெயர், பக்கத்தில் 'சோல் எம்பிஆர்'. ஒரே உறுப்பினர், அதாவது ஒரே உரிமையாளர் என்று பொருள். முகவரி எங்களுக்குத் தெரியாத ஓர் அமெரிக்க ஊர். 24 மணி நேர மாயம் இதுதான். எஸ்எஸ்என் வைத்திருக்கும் யாரோ ஒருவரை 7ஏ-வில் உட்கார வைத்து ஆன்லைனில் தட்டியிருக்கிறார்கள். பெயருக்கு ஓர் ஆளை ரெஸ்பான்சிபிள் பார்ட்டியாகப் போடக்கூடாது என்று ஐஆர்எஸ் தெளிவாகவே சொல்கிறது.

"அது சும்மா ஃபார்மாலிட்டிங்ணா, எல்லாருக்கும் இப்படித்தான் பண்றோம்" என்றார்கள். இரண்டாவது பாதிதான் எனக்குப் பகீர் என்றது.

ஃபார்மாலிட்டியா என்று ஐஆர்எஸ்ஸையே கேட்டுவிடலாம் என்று வெளிநாட்டவருக்கான எண்ணுக்குப் போன் போட்டேன். அவர்கள் கிழக்கு நேரப்படி காலை 6 மணிக்குத் தொடங்குகிறார்கள். நமக்குக் கோடையில் மதியம் மூன்றரை, குளிர்காலத்தில் நாலரை. ஐஎஸ்டி கட்டணம் ஓட ஓட இசை கேட்டுக்கொண்டு காத்திருந்தேன். எடுத்த அம்மா மரியாதையாகத்தான் பேசினார். என் பெயர், கம்பெனியில் என் பொறுப்பு, ஈஐஎன் கேட்டார். கொஞ்சம் மௌனம். பிறகு, பதிவில் இருக்கும் பெயரோடு ஒத்துவரவில்லை, உங்களிடம் எதுவும் பேச இயலாது என்று சொல்லிவிட்டார். என் கம்பெனி, நான் உரிமையாளர், என் பாஸ்போர்ட் கையில் இருக்கிறது, பேச அனுமதி இல்லை. அந்த முகம் தெரியாத ஆள் போன் செய்திருந்தால் பேசியிருப்பார்கள். அக்கவுண்ட் திறக்கப் போன இடத்திலும் அதே பதில்: கடிதத்தில் உள்ள உரிமையாளர் பெயரும் பாஸ்போர்ட் பெயரும் வேறு.

இதைச் சரிசெய்ய 8822-பி என்று ஒரு படிவம் இருக்கிறது. வணிக முகவரி மாற்றத்துக்கும் ரெஸ்பான்சிபிள் பார்ட்டி மாற்றத்துக்கும் அதுதான். மாற்றம் நடந்த 60 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. ஆன்லைனில் முடியாது, தபால்தான். நல்லவேளை, எல்எல்சியின் உரிமையாளர் யார் என்று சொல்லும் ஆபரேட்டிங் அக்ரிமெண்டில் என் பெயர் ஒழுங்காக இருந்தது, அதை வைத்துக் கையெழுத்துப் போட்டு யூட்டாவில் இருக்கும் ஆக்டன் அலுவலகத்துக்கு அனுப்பினேன். உங்களிடம் அந்த அக்ரிமெண்ட் இருக்கிறதா என்று இப்போதே தேடிப் பாருங்கள். அதையும் தராமல் வைத்திருக்கும் கன்சல்டன்சிகள் உண்டு. மாற்றம் பதிவாகி, என் பெயர் போட்ட 147சி கைக்கு வருவதற்குள் ஒரு கிறிஸ்துமஸ் சீசன் விற்பனை போய்விட்டது. டேபிள் ரன்னர் விற்கிறவனுக்கு நவம்பரும் டிசம்பரும் போனால் அந்த வருஷமே போன மாதிரி.

கதை அதோடு முடியவில்லை. மார்ச் மாதம் அதே கன்சல்டன்சியிலிருந்து சிவப்பு எழுத்தில் மெயில்: 5472 என்ற ஐஆர்எஸ் படிவத்தைத் தாக்கல் செய்யாவிட்டால் 25,000 டாலர் அபராதம், கம்ப்ளையன்ஸ் பேக்கேஜ் 600 டாலர், இன்றே கட்டினால் தள்ளுபடி. புரளி என்று நினைத்து ஆடிட்டரிடம் காட்டினேன். அவர் அமெரிக்க வரி பார்க்கும் நண்பரிடம் விசாரித்துவிட்டுச் சொன்னார், அபராதத் தொகை உண்மைதான் என்று. வெளிநாட்டவர் ஒருவரே முழு உரிமையாளராக இருக்கும் எல்எல்சி, வரி எதுவும் கட்ட வேண்டியதில்லை என்றாலும், உரிமையாளருக்கும் கம்பெனிக்கும் இடையே பணம் போய்வந்திருந்தால் 5472 படிவத்தை ஒரு வெற்று 1120-க்கு (கம்பெனி வருமான வரிப் படிவம்) பின்னால் இணைத்து அனுப்ப வேண்டும். கம்பெனி தொடங்க நாம் கைக்காசு போட்டதே அந்தக் கணக்கில் வந்துவிடும். கெடு ஏப்ரல் 15. 7004 படிவம் அனுப்பினால் அக்டோபர் 15 வரை நீட்டிப்பு.

பேக்கேஜ் விற்றபோது இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "வருஷா வருஷம் ஒண்ணும் இல்லீங்ணா, வயோமிங் 60 டாலர் மட்டும் கட்டிட்டா போதும்" என்றுதான் சொன்னார்கள். அந்த 60 டாலர் மாநிலத்தின் குறைந்தபட்ச ஆண்டுக் கட்டணம், அது உண்மை. மற்றதை மறைத்து வைத்து, கெடு நெருங்கும்போது பயம் காட்டி விற்பதுதான் இவர்கள் தொழில்நுட்பம். நாங்கள் வேறு ஆளிடம் கொடுத்து நேரத்துக்குள் அனுப்பிவிட்டோம்.

நம் ஊர்ப் பக்கமும் சொல்லாமல் விட்டது உண்டு. இந்தியாவில் குடியிருப்பவர் வெளிநாட்டு எல்எல்சியில் உரிமை எடுப்பது 2022-இன் வெளிநாட்டு முதலீட்டு விதிகளுக்குள் வரும், வங்கி வழியாக எஃப்சி படிவம் போக வேண்டும். வருமான வரி ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்துகளுக்கான ஷெட்யூல் எஃப்ஏ-வில் காட்ட வேண்டும். உங்கள் ஆடிட்டரிடம் எல்எல்சி தொடங்கும் முன்பே பேசுங்கள், தொடங்கிய பிறகு வேண்டாம்.

இது கரூரில் மட்டும் நடக்கிற கூத்தில்லை. ஐஆர்எஸ் தளம் மாதிரியே தோற்றம் வைத்துக்கொண்டு, இலவச ஈஐஎன்னுக்கு 300 டாலர் வரை வாங்கும் இணையதளங்களுக்கு அமெரிக்காவின் வர்த்தக ஆணையமான எஃப்டிசி 2025 ஏப்ரலில் எச்சரிக்கைக் கடிதமே அனுப்பியது. ஆள் வைத்துச் செய்வதில் தப்பில்லை, ஃபேக்ஸ் அனுப்பிப் பின்தொடர ஒருவருக்குக் கூலி கொடுக்கலாம். எஸ்எஸ்-4 படிவத்திலேயே அதற்கென்று 'தேர்ட் பார்ட்டி டெசிக்னீ' என்று தனி இடம் இருக்கிறது. ஏஜென்ட் பெயர் வர வேண்டியது அங்கேதான். எண் கொடுத்ததும் அவருடைய அதிகாரமும் முடிந்துவிடும். 7ஏ-வில் உங்கள் பெயர், 7பி-யில் 'ஃபாரின்', கையெழுத்து உங்களுடையது, அனுப்பும் முன் நிரப்பிய படிவத்தின் நகல் உங்கள் கையில். ஐடின் வாங்கினால்தான் ஈஐஎன் கிடைக்கும் என்று சொல்லித் தனியாகப் பணம் கேட்டால் அதுவும் பொய்.

ஏற்கெனவே இப்படி எண் வாங்கி வைத்திருப்பவர்கள் சிபி 575-ஐக் கேட்டு வாங்கி இரண்டாவது வரியைப் படியுங்கள். கடிதமே தர மறுத்தால் ஐஆர்எஸ்ஸுக்குப் போன் செய்து 147சி கேளுங்கள். பெயர் ஒத்துவரவில்லை என்ற பதில் வந்தால் என்ன நடந்திருக்கிறது என்று புரிந்துவிடும், 8822-பி வேலையைத் தொடங்கிவிடலாம்.

எங்கள் பணம் இன்னும் வரவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்தோம். எல்எல்சி பதிவுக்கு மாநிலம் வாங்கும் 100 டாலரைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுங்கள் என்றுதான் கேட்டோம். 'சேவை முழுமையாக வழங்கப்பட்டது' என்று தங்கக் கரைச் சான்றிதழை இணைத்துப் பதில் போட்டார்கள். இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார். 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே கொடுக்கலாம், அவர்கள் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. வணிக நோக்கத்துக்கு வாங்கிய சேவை, நான் நுகர்வோரே இல்லை என்பது அவர்கள் வாதம். எங்கள் வக்கீல் அதற்குப் பதில் தயார் செய்துகொண்டிருக்கிறார். அடுத்த வாய்தாவுக்குப் பிறகு என்ன ஆனது என்று எழுதுகிறேன். அதுவரை இதே மாதிரி மாட்டியவர்கள் வாட்ஸ்அப் உரையாடல், பேமெண்ட் ரசீது எதையும் அழித்துவிடாதீர்கள்.