மேப்பிங்: நேரில் போவதா, போனிலேயே முடிப்பதா?

கேட்கும் நரம்பை மின்சாரத்தால் தூண்டி ஒலியைக் கேட்க வைக்கும் காக்ளியர் இம்பிளான்ட்டைக் காதில் பொருத்தி, முதன்முதலாகச் சுவிட்ச் ஆன் செய்து எனக்கு இது ஆறாவது வருடம். கருவியின் ஒலி அளவுகளை என் காதுக்கேற்பத் திருத்துவதுதான் மேப்பிங்; முதல் மூன்று வருடம் அதற்கு நேரில்தான் போனேன், அப்புறம் பெரும்பாலும் போன் வழியாகத்தான். மேப், அதாவது அந்த அளவுகளின் தொகுப்பு, ஓரளவு நிலைத்துவிட்டதென்றால் ரிமோட்தான் மேல் என்பது என் கட்சி. பயணம் மிச்சம், விடுப்பு மிச்சம் என்பதெல்லாம் தெரிந்த கதை. நான் அதற்காகச் சொல்லவில்லை.

நேரில் போனால் உட்காருவது சத்தமே இல்லாத அறை. ஆடியாலஜிஸ்ட் (செவித்திறன் நிபுணர்) உள்காதில் இருக்கும் ஒவ்வொரு எலக்ட்ரோடிலும் (மின்முனை) பீப் கொடுத்து, லேசாகக் கேட்கத் தொடங்கும் அளவையும், சத்தமாக ஆனால் தொந்தரவில்லாமல் கேட்கும் அளவையும் குறித்துக்கொள்வார். பிறகு முகம் பார்த்து நிதானமாகப் பேசுவார். அங்கே எல்லாமே கச்சிதம். "நன்றாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவும்போது, தொட்டியில் கரண்டி விழுந்தால் மண்டைக்குள் ஆணி இறங்கும். அடுத்த முறை சொல்லலாம் என்றால், அது மூன்று மாதம் கழித்து. அதற்குள் எது எப்படிக் குத்தியது என்பதே மறந்திருக்கும். "கொஞ்சம் கூர்மையாக இருந்தது" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வேன். அவரும் பாவம், குத்துமதிப்பாகக் குறைப்பார்.

ரிமோட்டில் போனைச் சமையலறை மேடையில் சாய்த்து வைத்தேன். கரண்டியைத் தொட்டியில் போட்டேன், குத்தியது. அந்தப் பக்கம் அவர் கீச்சென்ற ஒலிகளுக்கான உயர் அதிர்வெண் எலக்ட்ரோடுகளில் மேல் அளவைச் சற்று இறக்கினார். மறுபடி போட்டேன். நாலாவது தடவை கரண்டி, கரண்டி மாதிரியே விழுந்தது. நிம்மதி என்று நினைத்தால், குழாயைத் திறந்துவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டு வீட்டில் பேசுவதைக் கேட்டபோது 'ச'வும் 'ஸ'வும் மங்கியிருந்தன. கரண்டிக்காகக் குறைத்ததில் பேச்சும் கொஞ்சம் போயிருந்தது. ஒரு படி ஏற்றி, இரண்டுக்கும் நடுவே நிறுத்தினோம். இந்தப் பேரம் அந்த அமைதியான அறையில் நடக்கவே நடக்காது. எனக்கு முடிவைத் தந்தது இதுதான். இடையில் இணைப்பு இழுக்கும், உதடும் குரலும் ஒட்டாது. அப்போது சாட்டில் எழுதிக்கொள்வோம், பெரிய பாதகமில்லை.

ஆனால் முதல் சுவிட்ச் ஆனுக்கும் அதை ஒட்டிய மாதங்களுக்கும் நேரில்தான் போக வேண்டும். மருந்து, மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி தரும் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2017 நவம்பரில் ரிமோட் மேப்பிங்குக்கு முதன்முதலாக அனுமதி தந்தபோதே, வெளியே மாட்டிக்கொள்ளும் பிராசசரோடு 6 மாதம் பழகியவர்களுக்குத்தான் என்றது. "போதும்" என்று வாயால் சொல்லத் தெரியாத குழந்தைக்கும் நேரில் போவதே சரி என்று படுகிறது. கண் இமைப்பதையும் விளையாட்டு நிற்பதையும் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டியிருக்குமே. இதை ஒரு காதும் ஒரு கம்பெனிக் கருவியும் மட்டுமே பழகியவன் சொல்கிறேன். போன் வழியாக எவ்வளவு திருத்த விடுவார்கள் என்பது மாடலுக்கு மாடல் மாறும்.

ரிமோட் என்னை ஒரு முறை நன்றாகவே ஏமாற்றியிருக்கிறது. எல்லோர் குரலும் போர்வைக்குள்ளிருந்து வருவது போல மங்கியது. செஷன் போட்டு அளவுகளை ஏற்றினோம், தெளிந்தது. இரண்டு வாரத்தில் மறுபடி மங்கல், மறுபடி ஏற்றம். நேரில் போனதும் ஆடியாலஜிஸ்ட் கணினியைத் தொடவே இல்லை. பிராசசரை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, மைக் கவரைக் கழற்றிக் காட்டினார். வியர்வையும் தூசியும் சேர்ந்து அடைத்திருந்தது. புதுக் கவர் போட்டதும், ஏற்றி வைத்த அளவெல்லாம் ஒன்றாகக் காதில் பாய்ந்தது. பழைய மேப்புக்கே திரும்பினோம். காந்தம் அழுத்தி, தலையில் ஒட்டிக்கொள்ளும் காயிலுக்கு அடியில் தோல் சிவந்திருந்ததையும் அன்றைக்குத்தான் அவர் விரலால் தொட்டுக் கண்டுபிடித்தார்.

அதனால் வருடத்துக்கு ஒரு முறை நேரில் போய்க் காட்டிவிட்டு வருகிறேன். மற்றபடி ரிமோட்தான், அதற்கு முந்தின நாளே மைக் கவரை மாற்றிவிடுகிறேன்.