க்ரோமாக்ஸ்: ஓட்டத்தில் குறையில்லை, வரைபடத்தில்தான் கோபம்

கிராபிக்ஸ் கார்டு பழுது நீங்கி ஓசூரிலிருந்து திரும்பிய வாரத்தில், கிருஷ்ணகிரியில் கல்லூரி ஆசிரியையாக இருக்கும் தோழி ஒருவர், புரத சிமுலேஷனுக்கு, அதாவது புரத மூலக்கூறின் அசைவுகளைக் கணினியில் கணித்துப் பார்ப்பதற்கு, க்ரோமாக்ஸ் என்ற மென்பொருளையே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். தருமபுரியில் பல ஆண்டுகளாக இதை ஓட்டி வருபவன் என்ற முறையில், அவருக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன்.

வேகமும் இலவசமும் எல்லோரும் அறிந்தவை. எனக்குப் பெரிதாகத் தெரிவது செக்பாயிண்ட் கோப்புதான். கோடையில் மின்சாரம் போய், யூபிஎஸ்ஸும் தாங்காமல் கணினி அணைந்துவிட்டாலும், 15 நிமிடத்துக்கு ஒருமுறை நிலையைப் பதிந்து வைப்பதால் அந்தக் கால் மணி நேர உழைப்புக்கு மேல் எதுவும் வீணாவதில்லை. அசைவுகளைப் பதியும் டிராஜெக்டரி கோப்பில் மிஞ்சிய அரைகுறைப் பகுதியைத் தானே நீக்கிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது.

என் பொறுமையைச் சோதிப்பது, புரதத்தின் எந்த வடிவம் எவ்வளவு நிலையானது என்று மேடு பள்ளமாகக் காட்டும் ஆற்றல் நிலப்பரப்பை வரைந்து தரும் ‘ஷாம்’ என்ற துணைக்கருவி. புரதத்தின் பெரிய அசைவுகளைச் சுருக்கிச் சொல்லும் இரண்டு முதன்மைக் கூறுகளை அச்சுகளாகக் கொண்டு தளத்தைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எத்தனை பிரேம்கள் (ஓட்டத்தின்போது அவ்வப்போது சேமித்த புரத நிலைகள்) விழுந்தன என்று எண்ணி, அந்த நிகழ்தகவின் இயல் மடக்கையைக் கேடியால் (போல்ட்ஸ்மன் மாறிலியையும் வெப்பநிலையையும் பெருக்கி வரும் மதிப்பு) பெருக்கிக் குறியை மாற்றுகிறது, அவ்வளவுதான். 300 கெல்வினில் கேடி என்பது மோலுக்கு ஏறத்தாழ 2.5 கிலோஜூல். எனவே 10,000 பிரேம்கள் இருந்தால், ஒரே ஒரு பிரேம் விழுந்த கட்டத்துக்கும் மிக ஆழமான பள்ளத்துக்கும் இடையே 23 கிலோஜூலுக்கு மேல் வேறுபாடு வர வழியே இல்லை. அந்த உச்சவரம்பை விதிப்பது புரதம் அன்று, நாம் சேமித்த பிரேம்களின் எண்ணிக்கை. போதாக்குறைக்கு, புரதம் ஒருமுறைகூடச் செல்லாத கட்டங்களுக்கும் உச்ச மதிப்பையே கொடுத்து, அளந்து கண்ட மேட்டைப் போல நிறம் பூசிவிடுகிறது.

உதாரணத்துக்கு, அடினைலேட் கைனேஸ் என்ற நொதியை எடுத்துக்கொள்வோம்; அதன் திறந்த வடிவத்தின் குறியீடு புரதத் தரவு வங்கியில் 4ஏகேஇ, மூடிய வடிவத்தின் குறியீடு 1ஏகேஇ. திறந்த வடிவில் தொடங்கிய ஓட்டம் ஒரே ஒருமுறை மூடிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டாலும், ஷாம் இரண்டு அழகிய பள்ளங்களை வரைந்து காட்டும். அவற்றின் ஆழ வேறுபாடோ, ஓட்டத்தை நாம் எப்போது நிறுத்தினோம் என்பதைப் பொறுத்தே மாறும். போக்கும் வரவும் பலமுறை நிகழாத வரை அந்த எண்ணுக்குப் பொருளே கிடையாது. திருத்தத்துக்காக என்னிடம் வந்த ஓர் ஆய்வேட்டில், புரதம் எட்டிக்கூடப் பார்க்காத சிவப்புப் பகுதி ‘ஆற்றல் தடை’ என்று தசமப் புள்ளியோடு அச்சாகியிருந்ததைக் கண்டு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. மாணவரை நான் குறை சொல்ல மாட்டேன். படத்தைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

நியாயமாகச் சொன்னால், உச்ச மதிப்பை மாற்றவும் வெப்பநிலையைக் குறிப்பிடவும் வழி உண்டு. குறிப்பிடாவிட்டால், 310 கெல்வினில் ஓட்டியிருந்தாலும் 298.15 என்றே எடுத்துக்கொள்ளும்.

இவ்வளவு புகழ்ந்த பிறகும், மாணவர் கையில் இந்தத் தொகுப்பை முழுமையாக ஒப்படைக்கும்படி தோழியிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஓட்டத்தை இதிலேயே முடித்துக்கொண்டு, முதன்மைக் கூறு மதிப்புகளை மட்டும் வெளியே எடுத்து, பைத்தானில் தாமே கட்டம் பிரித்து, வெற்றுக் கட்டங்களை வெள்ளையாகவே விட்டு, முற்பாதிக்கும் பிற்பாதிக்கும் தனித்தனியே வரைந்து பார்க்கட்டும். இரண்டும் ஒத்துவராவிட்டால், அந்தப் படம் ஆய்வேட்டில் இடம்பெறக் கூடாது.