கெந்திங் மலைக்கு கிராப்பா, பேருந்தா, சொந்தக் காரா? இறங்கும் வழியை முதலில் முடிவு செய்யுங்கள்

காலை எட்டு மணிக்கு கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸிலோ செந்தூலிலோ இருந்துகொண்டு கிராப் செயலியில் கெந்திங் என்று தட்டினால், சில நிமிடங்களில் கார் வாசலுக்கு வந்துவிடும். விலையும் முன்கூட்டியே தெரியும். ஏறுவதில் சிக்கலே இல்லை. சிக்கல் மாலையில்தான். மலையுச்சிக் கேளிக்கைப் பூங்கா மூடும் நேரம், வெளியே பனிமூட்டம், தோளில் தூங்கும் குழந்தை, கைப்பேசியில் 12 விழுக்காடு மின்சாரம், செயலியில் சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டம். மலையுச்சியில் இருக்கும் அத்தனை பேரும் அதே நேரத்தில் அதே பொத்தானை அழுத்திக்கொண்டிருப்பார்கள். அதனால் இந்த ஒப்பீட்டை இறங்கும் பக்கத்திலிருந்து தொடங்குவதுதான் சரி.

மேலே ஏன் கார் கிடைப்பதில்லை என்ற கணக்கு தெரிந்தால் பாதிச் சிக்கல் தீரும். நகரத்திலிருந்து மலையுச்சி 50 கிலோமீட்டருக்கு மேல். கடைசிப் பகுதி முழுக்க ஏற்றமும் வளைவும். ஓட்டுநர் ஒரு பயணியை மேலே இறக்கிவிட்டால், திரும்ப இன்னொரு பயணி கிடைத்தால்தான் அவருக்குக் கட்டுப்படியாகும். இல்லையென்றால் பெட்ரோலும் டோலும் அவர் கைக்காசு. ஆகவே உச்சியில் எந்த நேரத்திலும் நிற்கும் கார்கள், சற்று முன் யாரையாவது ஏற்றிவந்தவைதான். வெள்ளிக்கிழமை மாலை ஏறுகிறவர்கள் அதிகம், அதனால் இறங்கக் கார் எளிதாகக் கிடைக்கும். ஞாயிறு மதியத்துக்குப் பிறகு இது தலைகீழ்: ஏற ஆளில்லை, இறங்க ஊரே நிற்கிறது. பள்ளி விடுமுறையின் கடைசி நாளும், தீபாவளி, சீனப் புத்தாண்டு நீண்ட விடுமுறை முடியும் நாளும் ஞாயிற்றுக்கிழமையைவிட மோசம்.

கிராப்: காசு எவ்வளவு, எங்கே ஏறுவது

கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையச் சுற்றுவட்டாரத்திலிருந்து உச்சிக்கு, நெரிசல் இல்லாத நேரத்தில் நான்கு இருக்கைக் காருக்குச் செயலி காட்டும் தொகை பெரும்பாலும் 70 வெள்ளிக்கும் (ரிங்கிட்) 110 வெள்ளிக்கும் இடையில் இருக்கும். டோல் இதில் சேராது. கோம்பாக் சுங்கச்சாவடியில் காருக்கு 6 வெள்ளி, அதை ஓட்டுநர் பயண முடிவில் தனியாகச் சேர்ப்பார். டூக் நெடுஞ்சாலை வழியாகப் போனால் அந்த டோலும் உங்கள் கணக்கில்தான். புறப்படும் முன் எந்த வழி என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால், இறங்கும்போது பேச்சுக்கு இடமிருக்காது.

காரின் அளவைக் கவனியுங்கள். பெரியவர்கள் நான்கு பேர், இரண்டு பெரிய பெட்டிகள், வந்து நிற்பது 1.0 லிட்டர் ஆக்சியா என்றால் பெட்டி பின்னால் அடங்காது, ஏற்றத்தில் எஞ்சினும் திணறும். வளைவுகளில் வேகம் குறைந்து, பின்னால் வரும் பேருந்து நெருக்கும்போது எல்லாருக்கும் பதற்றம்தான். மூன்று பேருக்கு மேல் பெட்டிகளோடு போனால், சற்று அதிகம் கொடுத்து ஆறு இருக்கை வகையையே போடுங்கள். அல்சா போன்ற வண்டி வரும். குழந்தை இருக்கை கேட்காமல் வராது, பெரும்பாலும் கேட்டாலும் வராது. கைக்குழந்தை இருந்தால் உங்களுடையதைக் கொண்டுபோக வேண்டும்.

இனி முக்கியமான விஷயம். இறங்கும்போது உச்சியிலிருந்து கார் அழைக்காதீர்கள். அவானா ஸ்கைவே கேபிள் காரில் கீழ்நிலையமான அவானாவுக்கு இறங்கி, அங்கிருந்து அழையுங்கள். 2.8 கிலோமீட்டர், சுமார் பத்து நிமிடம், ஒரு கூண்டில் பத்துப் பேர். நிலையத்தை ஒட்டியே பிரீமியம் அவுட்லெட்ஸ் பேரங்காடி இருப்பதால், கடைக்கு வருவோரை இறக்கிவிடும் கார்கள் அங்கே வந்துபோய்க்கொண்டே இருக்கும். மேலும், செங்குத்தான கடைசி ஏற்றத்தை ஏறித்தான் உங்களை எடுக்க வேண்டும் என்ற நிலை ஓட்டுநருக்கு இல்லை. உச்சியிலிருந்து வரும் அழைப்பைத் தவிர்க்கும் பலர் அவானா அழைப்பை ஏற்றுக்கொள்வார்கள். ஏறும்போதும் இதையே செய்யலாம்: சேருமிடமாக உச்சியைப் போடாமல் அவானா நிலையத்தைப் போட்டால் கட்டணமும் குறையும், மலைவளைவில் வாந்தி எடுக்கும் பிள்ளைகளுக்கும் நிம்மதி. காருக்குள் வாந்தி எடுத்தால் துப்புரவுக் கட்டணம் வரலாம், இரண்டு பிளாஸ்டிக் பை கைவசம் இருக்கட்டும்.

உச்சியிலிருந்தே அழைத்தாக வேண்டிய சூழல் வரலாம். நடக்க முடியாத பாட்டி கூட இருக்கலாம், மின்னலால் கேபிள் கார் நின்றிருக்கலாம். அப்போது பெரும்பாலும் தவறுவது, செயலியில் ஏறுமிடத்தைக் குறிப்பதில்தான். ஃபர்ஸ்ட் வேர்ல்ட் ஹோட்டல், ஸ்கைஅவென்யூ, ஸ்கைவேர்ல்ட்ஸ் பூங்கா எல்லாம் ஒன்றோடொன்று இணைந்த பல மாடிக் கட்டடங்கள். உள்ளே நின்றபடி அழைத்தால் ஜிபிஎஸ் உங்களை இரண்டு மாடி கீழே, சாலையின் மறுபக்கம் காட்டும். ஓட்டுநர் ஒரு சுற்று சுற்றிவிட்டுப் பயணத்தை ரத்து செய்துவிடுவார், நீங்கள் மறுபடி வரிசையின் கடைசியில். செயலி தரும் பட்டியலில் இருந்து வாசலின் பெயரைத் தேர்ந்தெடுங்கள், நீல வட்டத்தை நம்பாதீர்கள். அந்த வாசலில் போய் நின்ற பிறகே அழையுங்கள். கார் உறுதியானதும், எந்த ஹோட்டல் லாபி, எத்தனை பேர், எத்தனை பெட்டி என்று ஒரு வரிச் செய்தி அனுப்புங்கள். முன்பதிவு வசதியும் உண்டு, ஆனால் முன்பதிவு என்பது கார் உறுதி என்று பொருள் அல்ல. ஓட்டுநர் ஏற்றால்தான் பயணம்.

காலையில் ஏற்றிவந்த ஓட்டுநரே, "மாலையில் நானே வந்து அழைத்துப் போகிறேன், செயலி வேண்டாம்" என்று எண் கொடுப்பதுண்டு. நல்ல மனதோடுதான் சொல்வார்கள். இருந்தாலும் வேண்டாம். செயலியில் பதியாத பயணத்துக்கு இ-ஹெய்லிங் (செயலிவழி வாடகைக் கார்) காப்பீட்டுப் பாதுகாப்பு இருக்காது. இருட்டில், பனிமூட்டத்தில் இறங்கும் மலைச்சாலையில் அந்தத் துணிச்சல் தேவையில்லை.

பேருந்தும் கேபிள் காரும்

இருவர் போகிறீர்கள் என்றால் இதுதான் எங்கள் முதல் தேர்வு. கே.எல். சென்ட்ரலிலிருந்து அவானா பேருந்து முனையத்துக்கு ஒருவருக்கு 10 வெள்ளியை ஒட்டிய கட்டணம், ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். அங்கிருந்து கேபிள் காருக்கு இன்னொரு 10 வெள்ளி அளவில். ஆளுக்கு 20, இருவருக்கு 40. கிராப்பில் 90ம் டோலும் கொடுப்பதோடு ஒப்பிட்டால் பாதிக்கும் குறைவு. மூன்று பேருக்கு 60. நான்கு பேரானால் 80, கூடவே வீட்டிலிருந்து கே.எல். சென்ட்ரல் வரை வரும் செலவு. அங்கேதான் இரண்டும் சமமாகின்றன. ஐந்து, ஆறு பேர் கொண்ட குடும்பத்துக்கு ஏறும்போது கிராப்தான் லாபம்.

பேருந்தின் பெரிய பலம் திரும்பும் சீட்டு. காலையில் போகும்போதே இறங்கும் நேரத்தையும் வாங்கிவிட்டால் மாலையில் யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. பலவீனமும் அங்கேதான்: வார இறுதியில் மாலைப் பேருந்துகள் முன்னதாகவே நிரம்பிவிடும். "மேலே போய் வாங்கிக்கொள்ளலாம்" என்று நினைப்பவர்கள்தான் இரவில் முனையத்தில் உட்கார்ந்திருப்பார்கள். சீட்டில் புறப்படும் இடத்தையும் பாருங்கள். அவானாவிலிருந்து புறப்படும் பேருந்துக்கு உச்சியிலிருந்து நேராக ஓடிவர முடியாது. கேபிள் கார் பத்து நிமிடம்தான், ஆனால் விடுமுறை நாளில் அதன் வரிசை ஒரு மணி நேரத்தையும் தாண்டும். பேருந்து நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே வரிசைக்குப் போய்விடுங்கள்.

கேபிள் கார் வழியில் சின் சுவீ குகைக்கோயில் நிறுத்தம் இருக்கிறது. அந்தக் கோயிலைப் பார்க்க உச்சியிலிருந்து கார் அழைப்பது வீண் செலவு. சிறிய தூரப் பயணத்துக்கு ஓட்டுநர் கிடைப்பதே அரிது, கேபிள் காரில் அங்கே இறங்கிப் பார்த்துவிட்டு மறுபடி ஏறலாம். கெந்திங்கில் கார் தேவைப்படும் இடம், உச்சிக்குக் கீழே உள்ள கொஹ்தோங் ஜெயா சிறுநகரம் மட்டும்தான் என்று சொல்லலாம், மற்றவற்றுக்கு நடையோ கேபிள் காரோ போதும். அங்கே தங்குபவர்கள் உச்சிக்கு இரண்டு முறை போய்வரும் கிராப் செலவையும் அறை வாடகையோடு சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும். மலிவாகத் தெரிந்த அறை அப்போது மலிவாகத் தெரியாது.

சொந்தக் கார்

பணக் கணக்கில் இதை வெல்வது கடினம். போகவர 110 கிலோமீட்டர், ஏற்றத்துக்கும் சேர்த்து மைவி அளவிலான காருக்கு 20 வெள்ளி சுற்றுவட்டாரத்தில் பெட்ரோல், டோல், வாகன நிறுத்தக் கட்டணம். நான்கு பேர் இருந்தால் ஆளுக்கு விழும் பங்கு சிறியது. இறங்கும் நேரம் முழுக்க உங்கள் கையில்.

ஆனால் ஓட்டுபவர் மலைச்சாலை பழகியவரா என்பதுதான் கேள்வி. இறக்கம் முழுவதும் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் தட்டும் (டிஸ்க்) பட்டையும் (பேட்) சூடேறும், பிரேக் எண்ணெய் கொதிக்கத் தொடங்கும், மிதி மென்மையாகி உள்ளே போகும். அந்த நிலையில் கார் நிற்காது. 2013 ஆகஸ்ட் 21ஆம் தேதி சின் சுவீ கோயிலுக்கு அருகே ஒரு பேருந்து பள்ளத்தில் விழுந்து 37 பேர் இறந்ததை இந்த நாடு மறக்கவில்லை. இறங்கும்போது கியரை 2 அல்லது எல்-லில் (L) வையுங்கள், சில சிவிடி கார்களில் அது எஸ் (S) அல்லது பி (B; நிறுத்தும்போது போடும் P அல்ல) என்று இருக்கும். எஞ்சின் உறுமும், பயப்பட வேண்டாம், அதுதான் வேலை செய்கிறது. பிரேக்கைத் தொடர்ந்து மிதிக்காமல், இடைவெளி விட்டு, அழுத்தமாக, குறுகிய நேரம் மிதியுங்கள். எரியும் வாடை வந்தால் அகலமான இடத்தில் ஒதுங்கி அரை மணி நேரம் ஆறவிடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். பனிமூட்டத்தில் தாழ்ந்த விளக்குதான் போட வேண்டும், உயர் விளக்கு வெள்ளைச் சுவராகத் திரும்பி கண்ணில் அடிக்கும். நான்கு சைகை விளக்குகளையும் எரியவிட்டு ஓட்டினால் நீங்கள் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது.

பத்தாங் காலி என்ற ஊர் வழியாக ஏறும் பாதை டோல் இல்லாதது, ரவாங் பக்கத்தினருக்குச் சுருக்கமும்கூட. அந்தப் பாதையை ஒட்டிய முகாம் தளத்தில்தான் 2022 டிசம்பர் 16ஆம் தேதி மண்சரிவில் 31 பேர் உயிரிழந்தார்கள். பகலில், உலர்ந்த நாளில், பழகியவர் ஓட்டினால் சரி. இரவிலும் மழையிலும், கோம்பாக் சுங்கச்சாவடி வழியாக வரும் காராக் நெடுஞ்சாலையே போதும். செயலியோ வரைபடமோ அந்தப் பக்கம் திருப்பிவிட்டால் பின்தொடராதீர்கள்.

எல்.ஆர்.டி.யோடு சேர்த்துப் பார்க்கும் ஒரு வழி

நெரிசல் நேரத்தில் நகரத்துக்குள் நகர்வதற்கே அரை மணி நேரம் வீணாகும், விலையும் அதற்கேற்ப ஏறும். கெலானா ஜெயா தடத்தின் கடைசி நிலையமான கோம்பாக் வரை எல்.ஆர்.டி. இலகு ரயிலில் வந்து, அங்கிருந்து கிராப் அழைத்தால் இந்த இரண்டும் மிச்சம். காராக் நெடுஞ்சாலை பக்கத்திலேயே தொடங்குகிறது. கே.எல். சென்ட்ரலிலிருந்து தடம் மாற வேண்டியதில்லை. திரும்பும்போதும் அவானாவிலிருந்து வீடு வரை போடாமல் கோம்பாக் நிலையம் வரை போட்டுப் பாருங்கள். தூரம் குறைவதால் விலை குறைகிறது, நகர நெரிசலுக்குள் போக விரும்பாத ஓட்டுநரும் ஏற்றுக்கொள்கிறார். பெட்டிகள் அதிகம் என்றால் இது பொருந்தாது. தைப்பூசத்துக்கு முந்தைய நாளிலிருந்து பத்துமலையைச் சுற்றிய சாலைகள் அடைபட்டிருக்கும், கோம்பாக் பக்கமும் அந்தத் தாக்கம் வரும். அந்த நாட்களில் பயணத்தையே தள்ளிவையுங்கள்.

திட்டம் எல்லாம் தவறிவிட்டது, இரவு பத்து மணி, பேருந்தும் போய்விட்டது என்றால் வரிசை இப்படி: முதலில் கைப்பேசிக்கு மின்சாரம் ஏற்றுங்கள், கையடக்க மின்கலம் இல்லாமல் மலையேறவே கூடாது. கேபிள் கார் வழக்கமாக நள்ளிரவு வரை ஓடும், நிலையத்தில் கேட்டு உறுதிசெய்துகொண்டு அவானாவுக்கு இறங்குங்கள். அங்கே இரண்டு செயலிகளில் மாறி மாறிப் பாருங்கள், முதலில் கோம்பாக் வரை, பிறகு வீடு வரை. இருபது நிமிடத்தில் ஒன்றும் அமையவில்லை என்றால் ஹோட்டல் டாக்ஸி கவுண்டரில் விலையை முன்கூட்டியே பேசி ஏறுங்கள். கூட வயதானவர்களோ கைக்குழந்தையோ இருந்தால் இந்த டாக்ஸி கவுண்டரிலிருந்தே தொடங்குங்கள், வாசற்காற்றில் அவர்களை நிற்கவைக்க வேண்டாம்.