கியர்பாக்ஸ் ஆயில் மாற்றினேன், வண்டி இப்போது கால் பேச்சைக் கேட்கிறது

அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் ஒரு தனியார் ஒர்க்‌ஷாப்பில் என் வண்டிக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில் சர்வீஸ் செய்தேன், அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். கடையின் பெயர் போடவில்லை. "சார், இருக்கறதே ரெண்டு லிஃப்ட்டு, கூட்டம் சேர்த்து விட்டுடாதீங்க" என்று கடை நடத்தும் அண்ணன் சொல்லிவிட்டார், அதனால்தான்.

வண்டி 2014 மாடல் ஜெர்மன் செடான், இரண்டு லிட்டர் டீசல். செகண்ட் ஹேண்டில் 61,000 கிலோமீட்டரில் வாங்கினேன், இப்போது 1,04,000. உள்ளே இருப்பது இசட்எஃப் 8எச்பி என்கிற எட்டு கியர் பெட்டி. 2009-இல் பி.எம்.டபிள்யூ 7 சீரிஸில் முதலில் வந்து, அப்புறம் ஆடி, ஜாகுவார், ரோல்ஸ் ராய்ஸ் வரைக்கும் போன பெட்டி இது. நன்றாக இருக்கும்போது கியர் மாறுவதே தெரியாது, என்ஜின் சுற்றைக் காட்டும் டாக்கோமீட்டர் முள்ளைப் பார்த்தால்தான் தெரியும். அதனால்தான் கெட ஆரம்பித்தது எனக்கு உடனே உறைக்கவில்லை. ஒரே நாளில் கெட்டிருந்தால் கவனித்திருப்பேன், இது வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக மந்தமானது, நானும் அதற்குத் தகுந்தபடி காலைப் பழக்கிக்கொண்டே வந்திருக்கிறேன்.

உறைக்க வைத்தது அம்மாவின் தூக்குச்சட்டி. வேளச்சேரியிலிருந்து தாம்பரத்தில் அக்கா வீட்டுக்குப் போகும்போது பின் சீட்டில் மடியில் சாம்பாரோடு உட்கார்ந்திருந்தார், சிக்னலில் மெதுவாக நிற்கப்போகும் நேரத்தில் இரண்டாம் கியரிலிருந்து முதல் கியருக்கு இறங்கும்போது பின்னாலிருந்து யாரோ தள்ளிவிட்ட மாதிரி ஒரு இடி, பாதி சாம்பார் லெதர் சீட்டில். "இதுக்கு உங்கப்பாவோட அம்பாசடரே தேவலாம்" என்றார். அப்பா அந்த அம்பாசடரை ஓட்டிய விதம் எனக்குத் தெரியும், அதனால் வலித்தது.

அதற்கு அடுத்த மாதம் ஏற்காடு. சேலம் பக்கத்திலிருந்து ஏறினால் இருபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலிருந்து வெளியே வரும்போதும் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறேன், ஒன்றும் நடக்கவில்லை, ஒரு முழு வினாடி யோசிக்கிறது, அப்புறம் திடீரென்று இரண்டு கியர் இறங்கி வண்டி பாய்கிறது. எதிரே பஸ் வரும்போது அந்த ஒரு வினாடி எவ்வளவு நீளம் என்பது அங்கே ஓட்டியவர்களுக்குத் தெரியும்.

ஊர் திரும்பியதும் எல்லோரும் செய்யும் தப்பை நானும் செய்தேன், ஆன்லைனில் ஒரு த்ராட்டில் கன்ட்ரோலர் வாங்கினேன். ஆக்ஸிலரேட்டர் பெடலுக்கும் அதன் கனெக்டருக்கும் நடுவில் செருகும் தீப்பெட்டி அளவுச் சாமான், ஒன்பதாயிரம் ரூபாய். மாட்டிய முதல் அரை மணி நேரம் ஆஹா என்று இருந்தது. பிறகுதான் புரிந்தது, அது செய்வதெல்லாம் நான் கால்வாசி மிதித்தால் பாதி மிதித்ததாக வண்டியிடம் பொய் சொல்வது மட்டும்தான். என்ஜின் பவரும் அதேதான், கியர் மாறும் வேகமும் அதேதான். பெடல் சோம்பலாக இருப்பதுதான் உங்கள் பிரச்சினை என்றால் அது உதவும், கியர் சோம்பலுக்கு உதவாது. என் வண்டியில் நிலைமை இன்னும் மோசமானது, ஊர்ந்து போகும் டிராஃபிக்கில் லேசாகத் தொட்டாலே முன்னால் இருக்கும் ஆட்டோவை முட்டப் பார்த்தது.

காசு செலவழிக்கும் முன்னால் நான் செய்திருக்க வேண்டியதை நீங்களாவது செய்யுங்கள். எந்தச் சோம்பல் என்று பிரித்துப் பாருங்கள். நார்மல் மோடில் மந்தம், ஸ்போர்ட் மோடில் போட்டால் சரியாகிவிடுகிறது என்றால் வண்டியில் குறை ஒன்றும் இல்லை, மைலேஜுக்காக அப்படி செட் செய்திருக்கிறார்கள், ஈகோ மோடை அணைத்தாலே போதும். 1,500 ஆர்.பி.எம்-க்குக் கீழே மட்டும் மூச்சு வாங்குகிறது, அதற்கு மேல் பறக்கிறது என்றால் அது டர்போ சுற்றி எழுந்திருக்க எடுக்கும் நேரம், கியர்பாக்ஸைத் திட்டாதீர்கள். ஸ்போர்ட்டிலும் சரி, மேனுவலில் நீங்களே லீவரைத் தட்டினாலும் சரி, கியர் தாமதமாகவே மாறுகிறது, நிற்கும்போது இடிக்கிறது, 'பி'-யிலிருந்து 'டி'-க்குப் போட்டால் இரண்டு வினாடி கழித்துத்தான் பிடிக்கிறது என்றால் ஆயில் பக்கம் பார்க்க வேண்டும். எனக்கு மூன்றாவது கதை.

பெரிய சர்வீஸ் சென்டர் ஒன்றில் காட்டினேன். கண்ணாடிச் சுவர், காப்பி மெஷின், எல்லாம் ஜோர். "சார், இது லைஃப்டைம் ஆயில், மாத்தவே தேவையில்லை" என்றார் அட்வைசர். அப்படியென்றால் ஏன் இடிக்கிறது என்றால், கியர் மாற்றத்தை நடத்தும் மெக்கட்ரானிக் யூனிட் போயிருக்கலாம், மாற்றினால் மூன்றரை லட்சம் ஆகும் என்றார். திறந்து பார்க்கவில்லை, ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. லைஃப்டைம் என்றால் யாருடைய லைஃப் என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. கியர்பாக்ஸைச் செய்யும் இசட்எஃப் கம்பெனியே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், இல்லையென்றால் அதிகபட்சம் எட்டு வருடத்தில் ஆயிலை மாற்றச் சொல்கிறது. என் வண்டி வருடக் கணக்கை எப்போதோ தாண்டிவிட்டது, அதுவும் சென்னை வெயிலிலும் ஓ.எம்.ஆர் நெரிசலிலும்.

அம்பத்தூர் அண்ணன் முதலில் செய்தது, என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து இருபது நிமிடம் தானே ஓட்டிப் பார்த்தது. அப்புறம் ஸ்கேனர் போட்டு ஃபால்ட் கோட் எதுவும் இல்லை என்று காட்டினார். அவர் சொன்ன விளக்கம் எனக்குப் பிடித்திருந்தது. இந்தப் பெட்டிக்குள் ஒவ்வொரு கியரும் பிடிப்பது ஆயில் அழுத்தம் கிளட்ச் தட்டுகளை நெருக்குவதால்தான். அந்த ஆயில்தான் உள்ளே கையும் காலும். சூட்டில் வருடக்கணக்கில் வெந்து அதன் குணம் மாறும்போது கிளட்சுக்குள் ஆயில் நிரம்ப எடுக்கும் நேரம் மாறுகிறது, கம்ப்யூட்டர் அதைக் கவனித்துத் தன் கணக்கைத் திருத்திக்கொண்டே வருகிறது, ஓரளவுக்கு மேல் திருத்த முடியாமல் போகும்போது நமக்கு இடியாகவும் தாமதமாகவும் தெரிகிறது. "கம்ப்யூட்டர் நினைப்பை மட்டும் அழிச்சா பத்து நாள் நல்லா ஓடும் சார், ஆயில் பழசுன்னா திரும்ப அங்கயேதான் வந்து நிக்கும்" என்றார்.

வண்டியை முந்தின நாள் சாயங்காலமே கொண்டுவந்து விடச் சொன்னார். எதற்கு என்றால், இந்தப் பெட்டியில் ஆயில் அளவு பார்க்கக் குச்சி கிடையாது. என்ஜின் ஓடிக்கொண்டிருக்க, பெட்டிக்குள் ஆயில் சூடு 40 டிகிரியை ஒட்டி இருக்கும்போது, பக்கவாட்டில் இருக்கும் ஓட்டையிலிருந்து மெல்லிய இழையாக வழிய வேண்டும், அதுதான் சரியான அளவு. 50 தாண்டிவிட்டால் ஆயில் விரிந்து கணக்கு தப்பும். மே மாதம் மதியம் ஓட்டிக்கொண்டு வந்த வண்டியில் அந்த 40 எங்கே கிடைக்கும்? அதனால் ராத்திரி முழுக்க ஆறவிட்டுக் காலை ஆறரைக்கு வேலையை ஆரம்பித்தார்கள். கேட்டால் சின்ன விஷயம், ஆனால் அந்த ஒன்றிலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

நான் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். கீழே வடிக்கும் போல்ட்டைத் தொடும் முன்னால் மேலே நிரப்பும் போல்ட் கழலுகிறதா என்று பார்த்தார் பையன். வடித்துவிட்டு நிரப்ப முடியாமல் மாட்டிக்கொண்டவர்கள் உண்டாம். பழைய ஆயில் டிகாஷன் மாதிரி வந்தது. பெட்டிக்கு அடியில் ஆயில் தங்கும் தட்டு, அதாவது பான், பிளாஸ்டிக், ஃபில்டர் அதற்குள்ளேயே சேர்ந்து வருகிறது, அதனால் அந்தத் தட்டையே முழுசாக மாற்ற வேண்டும். பழைய பானுக்குள் இருந்த காந்தத்தில் சேறு மாதிரி கறுப்பாக நைசான பொடி ஒட்டியிருந்தது. விரலில் தேய்த்துக் காட்டி, இப்படி மாவாக இருந்தால் சாதாரணத் தேய்மானம், சில்லு சில்லாக இருந்தால்தான் பயப்பட வேண்டும் என்றார். எனக்கு மாவுதான். மூன்றரை லட்சம் மனதிலிருந்து இறங்கியது அந்த நிமிடத்தில்தான்.

போட்டது லைஃப்கார்ட் 8 என்கிற இசட்எஃப் ஆயில், அவர்கள் கிட்டில் பான், போல்ட்டுகளோடு 7 லிட்டர் வருகிறது. மொத்த ஆயிலும் வடியாது, என்ஜினையும் கியர் பெட்டியையும் இணைக்கும் டார்க் கன்வர்ட்டரிலும் கூலரிலும் கொஞ்சம் தங்கிவிடும். மெஷின் வைத்து அழுத்தி முழுசாகக் கழுவலாமா என்று கேட்டேன், வயதான பெட்டிக்கு வேண்டாம், தேவைப்பட்டால் இருபதாயிரம் கிலோமீட்டர் கழித்து இன்னொரு தடவை வடித்து நிரப்புவோம் என்றார். நிரப்பி, என்ஜினைப் போட்டு, ரிவர்ஸ், டிரைவ் என்று ஒவ்வொன்றிலும் சில வினாடி நிறுத்தி, திரும்ப நிரப்பி, ஸ்கேனரில் சூட்டைப் பார்த்துக்கொண்டே மூடினார்கள். கடைசியில் கம்ப்யூட்டரின் பழைய கணக்கை அழித்துவிட்டு, மதுரவாயல் பைபாஸில் நிதானமாக எட்டாம் கியர் வரை ஏற்றி இறக்கி ஓட்டிப் பழக்கினார்.

முதல் இரண்டு நாள் திட்டினேன். மூன்றாம் கியருக்குப் போகும்போது லேசான ஜெர்க், முன்பு இல்லாதது. போன் செய்தால் "இருநூறு கிலோமீட்டர் ஓட்டுங்க சார், அது படிச்சிக்கிட்டிருக்கு" என்றார். படித்துவிட்டது. மூன்றாவது வாரம் திரும்ப ஏற்காடு போனேன், வேலை ஒன்றும் இல்லை, இதற்காகவேதான். அதே வளைவுகள், மிதித்த உடனே இரண்டாம் கியர் கையில் கிடைத்தது. சிக்னலில் அந்த இடி சுத்தமாகப் போய்விட்டது. புது வண்டி ஆகிவிட்டது என்று சொல்லமாட்டேன், காலையில் முதல் கிலோமீட்டரில் ஒன்று இரண்டு மாறும்போது இன்னும் ஒரு சின்னத் தயக்கம் இருக்கிறது, டர்போ எழுந்திருக்கும் நேரமும் அப்படியேதான்.

மொத்தம் 46,500 ரூபாய், இதில் 38,000 கிட்டுக்கு. குறை என்றால், கிட் வர நான்கு நாள் என்று சொல்லி ஒன்பது நாள் ஆக்கினார்கள். பில்லில் 'கியர் ஆயில் வேலை' என்று ஒரே வரி, வண்டியை விற்கும்போது காட்ட வேண்டும் என்று சண்டை போட்டுத்தான் ஆயிலின் பெயர், அளவு, கிலோமீட்டர் எல்லாம் எழுதி வாங்கினேன். உட்கார இடம் கிடையாது, டாய்லெட் பக்கம் போகாதீர்கள். டீ மட்டும் அருமை.

த்ராட்டில் பெட்டி டேஷ்போர்டு அறையில் கிடக்கிறது. மச்சான் தன் வண்டிக்குக் கேட்டான், கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன்.